சோள மணியில் ஒரு புள்ளி



பீச்சுக்குப் போய்விட்டு சுட்ட சோளம் வாங்காமல் திரும்பியிருக்கிறீர்களா? எலுமிச்சை மூடியில் மிளகாய்த்தூளைத் தொட்டுத் தேய்த்துக் கொடுப்பாரே அண்ணன், அதேதான். அடுத்த தடவை வாங்கும்போது, கடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்க. எல்லா மணியும் ஒரே நிறம், ஒரே அளவு, வரிசை பிசகாமல் இருக்கும்.

ஆனால் மக்காச்சோளம் பிறந்த ஊரான மெக்சிகோ பக்கம் போனால் கதையே வேறு. ஒரே கதிரில் ஊதா, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மணிகள் கலந்து கிடக்கும். சில மணிகளில், யாரோ பேனா மையை உதறிவிட்ட மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும்.

அந்தப் புள்ளி எப்படி வந்தது? பார்த்தவர்கள் ஆயிரம் பேர். அதைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காக யோசித்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் பார்பரா மெக்லின்டாக். பயோடெக் படிப்பவர்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களே, ஓடிடாதீங்க. இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கதிர் என்பது ஒரு குடும்பம்

கதைக்குள் போவதற்கு முன் ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சோளக் கதிரின் நுனியில் பட்டுநூல் மாதிரி இழைகள் தொங்கும் இல்லையா? ஒவ்வொரு இழையும் ஒரு மணிக்குப் போகிற பாதை. செடியின் உச்சியில் இருக்கும் ஆண் பூவிலிருந்து ஒரு மகரந்தத் துகள் ஓர் இழையில் விழுந்தால் ஒரு மணி உருவாகும். அதாவது ஒவ்வொரு மணியும் தனித்தனிக் குழந்தை. ஒரு கதிரில் சில நூறு குழந்தைகள்.

நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஒரு கதிர் என்பது சில நூறு வரிசைகள் கொண்ட ஓர் எக்செல் ஷீட். மணியின் நிறம் ஒரு காலம், மாவின் தன்மை இன்னொரு காலம். உரித்தவுடனே டேட்டா கண் முன்னால். போதாததற்கு, ஆண் பூ உச்சியில், பெண் பூ நடுத்தண்டில். இரண்டுக்கும் காகிதப் பை மாட்டிவிட்டால் யாரோடு யார் சேரணும் என்பதை நாமே முடிவு செய்யலாம். மரபியல் ஆராய்ச்சிக்கு இதைவிட என்ன வேணும்?

ஒரே ஒரு சிக்கல். நியூயார்க் மாதிரி குளிர் ஊர்களின் வயலில் வருஷத்துக்கு ஒரு போகம்தான். ஒரு தப்பு செய்தால் அடுத்த கோடை வரை காத்திருக்கணும். நமக்கு அரியர் எழுத ஆறே மாசம்!

பேர் மறந்த மாணவி

பார்பரா 1902-ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தார். அப்பா டாக்டர். முதலில் வைத்த பெயர் எலினார். ரொம்ப மென்மையான பெயராக இருக்கிறது, இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது என்று பெற்றோரே பார்பரா என்று மாற்றினார்கள்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பள்ளிப்படிப்பு முடிந்தது. காலேஜ் போகணும் என்றதும் அம்மா மறுத்துவிட்டார். ரொம்பப் படித்தால் மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்ற பயம். நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கு இல்லையா? முதல் உலகப்போரில் ராணுவ டாக்டராக இருந்த அப்பா வீடு திரும்பி, மகள் பக்கம் நின்றார். 1919-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார் பார்பரா.

கார்னெலில் அவர் ஜாலியான மாணவிதான். ஒரு ஜாஸ் குழுவில் பாஞ்சோ வாசித்தார். ஆனால் ஒரு விஷயத்தில் மனம் போய்விட்டால் உலகமே மறந்துவிடும். புவியியல் பாடத் தேர்வில் கேள்விகளைப் பார்த்த ஆர்வத்தில் மளமளவென்று எழுதி முடித்துவிட்டார். கடைசியில் விடைத்தாளில் தன் பெயரை எழுதப் போனால், பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் கூச்சம். கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்ததாம்.

மரபியல் என்பது அப்போது ரொம்பப் புது சப்ஜெக்ட். இளநிலை மாணவர்களுக்கு இருந்த மரபியல் வகுப்பில் சேர்ந்தார். அவருடைய ஆர்வத்தைப் பார்த்த பேராசிரியர் ஹட்சிசன் தொலைபேசியில் கூப்பிட்டு, முதுநிலை மாணவர்களுக்கான வகுப்புக்கு வரச் சொன்னார். அந்த ஒரு ஃபோன் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1927-ல் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கியபோது வயது 25 ஆகவில்லை, அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது.

முடிச்சுப் போட்ட கயிறு

அன்றைக்கு மரபணு என்ற சொல் இருந்தது. ஆனால் அது எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியாது. டி.என்.ஏ-தான் மரபுப் பொருள் என்பதே 1940-களில்தான் தெரியப்போகிறது. மரபணுக்கள் குரோமோசோம்களில் வரிசையாக இருக்கின்றன என்ற கருத்தைப் பழ ஈக்களை வைத்து தாமஸ் ஹன்ட் மார்கன் குழு வலுவாகச் சொல்லியிருந்தது. சோளத்தில் எந்தக் குரோமோசோம் எது என்று கூட அடையாளம் காண முடியாமல் இருந்தது.

பார்பரா மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். செல்லுக்குச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கிப் பார்க்கும் முறையைச் சோளத்துக்கு ஏற்றபடி மெருகேற்றினார். சோளத்தின் 10 குரோமோசோம்களையும் நீளம், நடு இடுக்கு, கருமையாகத் தெரியும் முடிச்சுகள் இவற்றை வைத்துப் பிரித்து 1 முதல் 10 வரை எண் கொடுத்தார். 1929-ல் அது வெளியானது.

அந்த முடிச்சுகளைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. கட்டுரை முழுக்க வரும்.

1931-ல் அவரும் மாணவி ஹேரியட் கிரெய்ட்டனும் சேர்ந்து செய்த சோதனை, இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இப்படி யோசிச்சுப் பாருங்க. இரண்டு கயிறு இருக்கிறது. ஒன்றின் ஒரு முனையில் முடிச்சு, இன்னொரு பக்கம் கூடுதலாக ஒட்டிய ஒரு துண்டு. மற்றக் கயிற்றில் இரண்டுமே கிடையாது. இந்த இரண்டும் ஒரே செடியின் 9-ஆம் குரோமோசோம் ஜோடி. முடிச்சுக்கும் துண்டுக்கும் நடுவே இரண்டு மரபணுக்கள். ஒன்று மணிக்கு நிறம் தருவது. இன்னொன்று மாவு சாதாரணமானதா, மெழுகு போன்றதா என்று தீர்மானிப்பது. அயோடின் போட்டால் சாதாரண மாவு கருநீலமாகும், மெழுகு மாவு செம்பழுப்பாகும்.

இப்போது கேள்வி. பிள்ளைகளில் இந்தக் குணங்கள் கலந்து, இடம் மாற்றி வருவது எல்லோருக்கும் தெரியும். அப்படி மாறும்போது கயிறுகளும் நிஜமாகவே வெட்டி ஒட்டிக்கொள்கின்றனவா? குணம் மாறிய செடிகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். முடிச்சு இருந்து துண்டு இல்லாதது, துண்டு இருந்து முடிச்சு இல்லாதது என்று கயிறுகளும் மாறியிருந்தன. கணக்கில் மட்டும் இருந்த ஒரு கருத்து கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

கார்னெலுக்கு வந்திருந்த மார்கன் இதைப் பார்த்துவிட்டு, இன்னொரு போகம் வரை காத்திருக்காமல் உடனே எழுதி அனுப்பச் சொன்னார். அந்த ஆண்டு ஆகஸ்டில் கட்டுரை வெளியானது. அதே விஷயத்தைப் பழ ஈயில் நிரூபித்த ஜெர்மானியர் கர்ட் ஸ்டெர்னின் கட்டுரை கொஞ்ச நாள் கழித்து வந்தது. மார்கன் அன்று அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால் இந்தப் பெண்கள் இரண்டாமிடம்.

இங்கே இன்னொரு விஷயத்தைக் கவனியுங்க. அந்த முடிச்சு எந்தக் குணத்தையும் தரவில்லை. அது சும்மா ஓர் அடையாளம். ஆனால் அதைப் பின்தொடர்ந்தால், குரோமோசோமின் அந்தப் பகுதி எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு நாம் மார்க்கர் என்று சொல்வது இதைத்தான். இன்று அது டி.என்.ஏ அளவில் இருக்கிறது, அன்று மைக்ராஸ்கோப்பில் கருப்பாகத் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை இல்லாத டாக்டர்

இவ்வளவு செய்தவருக்கு வேலை உடனே கிடைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீங்க? கிடைக்கவில்லை. அன்றைய அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் அறிவியலில் பெண்களுக்குப் பேராசிரியர் வேலை கொடுப்பது அபூர்வம். சில வருஷங்கள் உதவித்தொகைகளில் ஓடின. 1933-ல் உதவித்தொகையில் ஜெர்மனி போனார். போன நேரம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த நேரம். யூத விஞ்ஞானிகள் விரட்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மனம் ஒடிந்து சீக்கிரமே திரும்பினார்.

1936-ல் மிசூரி பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. எக்ஸ்-ரே பட்டு உடைந்த குரோமோசோம்களின் முனைகள் ஒட்டுவதும், செல் பிரியும்போது பாலம் போல் இழுபட்டு மறுபடி உடைவதுமாக ஒரு சுழற்சி நடப்பதை அங்கே விவரித்தார். ஆனால் அந்த இடம் அவருக்கு ஒத்துவரவில்லை. பேன்ட் போட்டுக்கொண்டு வயலில் நிற்பார். ஒருநாள் சாவியை மறந்துவிட்டு, சுவர் ஏறி ஜன்னல் வழியாகத் தன் லேபுக்குள் போனார். இதெல்லாம் பேச்சாகிவிட்டது. பதவி உயர்வுக்கு வாய்ப்பில்லை என்று புரிந்ததும் 1941-ல் கிளம்பிவிட்டார். கையில் அடுத்த வேலை இல்லை.

வயது 39. நாட்டின் முன்னணி சோள விஞ்ஞானிகளில் ஒருவர். அவருடைய கவலை என்ன தெரியுமா? வருகிற கோடையில் சோளம் விதைக்க நிலம் வேணும்! பழைய நண்பர் மார்கஸ் ரோட்ஸிடம் விசாரித்து, அவர் விதைக்கப்போகிற கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்ற இடத்துக்குப் போனார். நியூயார்க் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் ஆராய்ச்சிக்கூடம் அது. கார்னெகி நிறுவனம் அங்கே அவருக்கு வேலை கொடுத்தது. வகுப்பு எடுக்க வேண்டாம், கமிட்டி கூட்டம் வேண்டாம். சோளமும் மைக்ராஸ்கோப்பும் போதும். ஐம்பது வருஷம், கடைசி வரை, அங்கேயே இருந்தார்.

இடம் மாறும் மரபணு

1944-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வானார். அந்தக் கழகத்தில் அவர் மூன்றாவது பெண். அடுத்த ஆண்டு அமெரிக்க மரபியல் சங்கத்தின் தலைவர், முதல் பெண் தலைவர். இப்போது நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கொஞ்சம் ரிலாக்ஸ் ஆகியிருப்போம்.

அவரோ அந்த 1944 கோடையில், உடைந்த 9-ஆம் குரோமோசோம் கொண்ட செடிகளின் சந்ததியை விதைத்துவிட்டு, வந்த நாற்றுகளைப் பார்த்துத் திகைத்துப்போயிருந்தார். இலைகளில் விசித்திரமான திட்டுகள். அதிலும் சில இடங்களில் இரண்டு திட்டுகள் ஒட்டியபடி. ஒன்றில் கோடுகள் வழக்கத்தைவிட அதிகம், பக்கத்துத் திட்டில் குறைவு. இரண்டும் ஒரே தாய் செல்லிலிருந்து வந்தவை. அப்படியானால் அந்த செல் இரண்டாகப் பிரிந்தபோது, ஒன்று எதையோ இழந்திருக்கிறது, மற்றது அதைப் பெற்றிருக்கிறது!

எதை? இந்தக் கேள்விக்கு விடை தேட நாலைந்து போகம் ஆனது. 9-ஆம் குரோமோசோம் எப்போதும் ஒரே இடத்தில் உடைவதைக் கண்டார். அந்த இடத்தில் இருப்பதற்கு டிஸ்ஸோசியேஷன், சுருக்கமாக டிஎஸ், என்று பெயர் வைத்தார். அது தானாக உடைக்காது. இன்னொன்று அதே செல்லில் இருந்தால்தான் வேலை செய்யும். அதற்கு ஆக்டிவேட்டர், சுருக்கமாக ஏசி, என்று பெயர். (ஹாஸ்டலில் நாம் கேட்டுக் கிடைக்காத ஏசி இல்லைங்க, இது வேற.)

அடுத்து வந்ததுதான் அதிர்ச்சி. சில செடிகளில் டிஎஸ் பழைய இடத்தில் இல்லை. வேறு இடத்தில் இருந்தது. அதாவது, மரபுப் பொருளின் ஒரு துண்டு குரோமோசோமில் இடம் மாறியிருக்கிறது. 1948-க்குள் அவருக்கு இது உறுதியாகிவிட்டது.

இப்போது புள்ளிக்கு வருவோம். டிஎஸ் போய் நிற மரபணுவுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டால் அந்த மரபணு கெட்டுவிடும். மணிக்கு நிறம் வராது. ஆனால் மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் டிஎஸ் கிளம்பிப் போய்விட்டால், அங்கே மரபணு மறுபடி உயிர்பெறும். அந்த செல்லும் அதிலிருந்து பிறக்கும் செல்களும் நிறம் பெறும். நிறமில்லாத மணியில் ஊதாப் புள்ளி! சீக்கிரமே கிளம்பினால் பெரிய புள்ளி. கடைசி நேரத்தில் கிளம்பினால் சின்னப் புள்ளி. எத்தனை புள்ளி என்றால், அத்தனை தடவை தாவியிருக்கிறது.

கோடிங் தெரிந்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். அந்த மணி ஒரு லாக் ஃபைல். எப்போது, எத்தனை தடவை என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் வேண்டும், அவ்வளவுதான். டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் அமைப்பு 1953-ல்தான் வெளியானது. அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே இவர் டி.என்.ஏ துண்டு தாவுவதை, சோள மணியை உற்றுப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அரங்கில் அமைதி

1950-ல் சுருக்கமாக ஒரு கட்டுரை வெளியிட்டார். 1951 கோடையில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரிலேயே நடந்த பெரிய கருத்தரங்கில் ஆறேழு வருஷ உழைப்பை எடுத்து வைத்தார். கைதட்டலை விடுங்க, சரியான கேள்விகூட வரவில்லை. பலருக்குப் புரியவில்லை. சிலருக்குப் புரிந்தும் ஏற்க மனமில்லை. மரபணுக்கள் மணிமாலை மாதிரி வரிசையாக, அசையாமல் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் அன்றைக்கு வரைபடங்களே போட்டிருந்தார்கள். மணி எழுந்து நடக்கும் என்றால்?

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்லணும். யாருமே நம்பவில்லை, எல்லோரும் சிரித்தார்கள் என்று இந்தக் கதையை மசாலா சேர்த்துச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. சோளத்தில் வேலை செய்த பிரிங்க் போன்றவர்கள் விஸ்கான்சினில் இதே தாவலைத் தாங்களும் கண்டு எழுதினார்கள். சோளத்தில் இப்படி நடக்கலாம், மற்ற உயிர்களுக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கியவர்களே அதிகம். இன்னொன்று, பார்பராவுக்கு முக்கியமாகப் பட்டது தாவல்கூட இல்லை. இந்தத் துண்டுகள்தான் மற்ற மரபணுக்களை எப்போது இயக்கணும், எப்போது நிறுத்தணும் என்று கட்டுப்படுத்துகின்றன, உயிரின் வளர்ச்சியே இப்படித்தான் நடக்கிறது என்று அவர் நம்பினார். அந்தப் பெரிய கோட்பாடு அவர் சொன்ன வடிவத்தில் நிற்கவில்லை. மேதைகளும் எல்லாவற்றிலும் சரியாக இருப்பதில்லை, பரவாயில்லை.

1953-ல் இன்னொரு விரிவான கட்டுரை எழுதினார். அதற்கும் பெரிதாக எதிர்வினை இல்லை. அதன் பிறகு இந்த விஷயத்தை ஆய்விதழ்களுக்கு விரிவாக எழுதி அனுப்புவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். தன் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் எழுதுவதோடு சரி. ஆனால் வேலையை நிறுத்தவில்லை. அடுத்த கோடையிலும் விதைத்தார். அதற்கடுத்த கோடையிலும்.

நாடு நாடாக முடிச்சு எண்ணியவர்

பார்பராவைப் பற்றி எழுதுகிற பலர் 1953-லிருந்து நேரே நோபல் பரிசுக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் நடந்தது நம் கதைக்கு ரொம்ப முக்கியம்.

லாபம் தரும் கலப்பின விதைகள் பரவப் பரவ, விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த நாட்டு ரகங்கள் மறையத் தொடங்கியிருந்தன. போன ரகம் திரும்பி வராது. அதனால் லத்தீன் அமெரிக்க நாடுகள் முழுக்கப் பழைய சோள ரகங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் முயற்சி நடந்தது. 1957-லிருந்து பார்பரா இதில் சேர்ந்தார். அங்குள்ள இளம் ஆய்வாளர்களுக்குக் குரோமோசோம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

எந்த ரகம் எதற்கு உறவு? எது எங்கிருந்து எங்கே போனது? வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. நல்ல மண்ணில் குட்டை ரகமும் உயரமாக வளரும். மண்ணும் மழையும் மாற்றாத ஓர் அடையாளம் வேணும். பார்பராவிடம் அது ஏற்கெனவே இருந்தது. ஆமாங்க, அதே முடிச்சுகள்! எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய முடிச்சு என்பது ரகத்துக்கு ரகம் மாறும், தலைமுறை வழியே கடத்தப்படும். ஆண்டீஸ் மலை உயரத்து ரகங்களில் முடிச்சுகள் மிகக் குறைவு, மெக்சிகோ பக்கத்து ரகங்கள் பலவற்றில் ஏராளம். இதை வரைபடத்தில் குறித்தால், பழங்குடி மக்கள் விதையைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தெந்த வழியாக நடந்தார்கள் என்றே ஊகிக்கலாம்.

மெக்சிகோவின் காட்டோ, பிரேசிலின் புளூமென்ஷைன் ஆகியோருடன் சேர்ந்து இந்த வேலையின் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டபோது ஆண்டு 1981. தொடங்கி 20 வருஷத்துக்கும் மேல்!

இந்தப் பன்மை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு 1970 பதில் சொன்னது. அந்த ஆண்டு அமெரிக்கச் சோளத்தில் இலைக்கருகல் பூஞ்சை பரவி, விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது. விதை உற்பத்திக்கு வசதி என்பதற்காக நாட்டின் கலப்பின விதைகளில் சுமார் 85 சதவீதத்தை ஒரே வகை சைட்டோபிளாசம் கொண்ட தாய்ச்செடிகளிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்தப் பூஞ்சைக்கு அந்த வகைதான் விருந்து. எல்லா லாப்டாப்புக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்த மாதிரி. ஒன்று போனால் எல்லாம் போச்சு.

ரேடியோவில் வந்த செய்தி

1960-களின் கடைசியில் பாக்டீரியாவிலும் இடம் மாறும் டி.என்.ஏ துண்டுகள் கிடைத்தன. பிறகு ஈயில், ஈஸ்ட்டில் என்று வரிசையாக. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு ஆன்டிபயாடிக் எதிர்ப்புச் சக்தி பரவுவதற்கும் இத்தகைய துண்டுகள் ஒரு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தால், சோளக்காட்டுக்குள் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். இருபது வருஷம் முன்னாலேயே எழுதி வைத்துவிட்டு!

1983 அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிப்பு. வீட்டில் தொலைபேசி வைத்துக்கொள்ளாத அவருக்கு விஷயம் ரேடியோ வழியாகத்தான் தெரிந்தது. வயது 81. அந்தப் பிரிவில் யாரோடும் பகிராமல் தனியாகப் பரிசு பெற்ற முதல் பெண். பரிசுக்குப் பிறகும் அதே சின்ன லேப், அதே சோளம். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1992-ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று, 90 வயதில் காலமானார்.

அவருக்குப் பிறகு

அவர் முடிச்சு எண்ணிய இடத்தில் இன்று மாலிக்யூலர் மார்க்கர்கள் இருக்கின்றன. டி.என்.ஏ-வில் சில இடங்களில் ஒரே இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு ரகத்தில் 12 தடவை, இன்னொன்றில் 15 தடவை. பி.சி.ஆர் செய்து ஜெல்லில் ஓட்டினால் பட்டை வேறு வேறு உயரத்தில் நிற்கும். இன்னொரு வகையில் ஒரே ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். ஆயிரக்கணக்கான அத்தகைய இடங்களை ஒரே சிப்பில் படிக்கலாம். இலையில் ஒரு துண்டு போதும். கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த இரண்டு ரகங்கள் தூரத்து உறவு, எவற்றைச் சேர்த்தால் பிள்ளை வீரியமாக வரும், விதை வங்கியில் எது எதன் நகல் என்று சோள ஆய்வாளர்கள் இன்று இப்படித்தான் பார்க்கிறார்கள்.

2002-ல் ஓர் ஆய்வுக்குழு 99 மார்க்கர்களை வைத்து 264 செடிகளை ஆராய்ந்தது. முடிவு இதுதான். உலகத்துச் சோளம் எல்லாம் தெற்கு மெக்சிகோவில் சுமார் 9,000 வருஷத்துக்கு முன், தியோசின்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து ஒரே தடவை வளர்த்தெடுக்கப்பட்டவை. பார்பரா முடிச்சுகளில் தேடிய அதே கேள்வி, புதிய மார்க்கரில்.

2009-ல் சோளத்தின் மரபணுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது, சுமார் 230 கோடி எழுத்துகளில் ஏறத்தாழ 85 சதவீதம் இந்தத் தாவும் துண்டுகளும் அவற்றின் மிச்சங்களும்தான். ஒரு ரகத்தில் அவை எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதே இன்று ஒரு மார்க்கர். நமக்குள்ளும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அவைதான். மெண்டல் ஆராய்ந்த சுருங்கிய பட்டாணிகூட, ஏசி-டிஎஸ் குடும்பத்தைப் போன்ற ஒரு துண்டு மரபணுவுக்குள் புகுந்ததால் சுருங்கியதுதான்!

கடைசியாக ஒன்று. தியோசின்டே பல கிளை விட்டுப் புதராக வளரும். சோளம் ஒற்றைத் தண்டாக நிற்கும். இந்த மாற்றத்துக்குக் காரணமான ஒரு மரபணுவை ஆராய்ந்தபோது, அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தாவும் துண்டு வந்து உட்கார்ந்து, மரபணுவின் சத்தத்தைக் கூட்டியிருப்பது 2011-ல் தெரிந்தது. அந்தத் துண்டின் ஆங்கிலப் பெயர் ஹாப்ஸ்காட்ச். நம்ம ஊர் பாண்டியாட்டம்! ஒற்றைக் காலில் கட்டம் கட்டமாகத் தாவிய ஒரு துண்டு, ஒரு புல்லைச் சோளமாக்குவதில் பங்கு வகித்திருக்கிறது. இதைப் பார்க்க பார்பரா இல்லை.

நண்பர்களே, நம்ம ப்ராஜெக்டில் கிராஃப் போடும்போது ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு எங்கேயோ நிற்கும். ரிவ்யூவுக்கு நேரமாச்சு, யாருக்குத் தெரியப்போகுது என்று அதை அழித்துவிட்டு வளைவை நேராக்கியிருக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். பெரும்பாலும் அது வெறும் அளவீட்டுத் தவறாகத்தான் இருக்கும். அதைத் தவறு என்று உறுதிசெய்யவாவது இன்னொரு தடவை அளந்து பார்த்தோமா?

பார்பரா அளந்து பார்த்தார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வருஷம் காத்திருந்து.